ஒரு சாண் தள்ளி

பேராவூரணி ரைஸ்மில் தெருவில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் சிங்கப்பூரில் இருக்கிறவர்களின் கன்னத்தைத் தொடலாம் என்று ஆகியிருந்த காலம் ஒன்று உண்டு. அது ஒரு மழைக்காலத்தில் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரைக்கும் நடந்தது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தொட முடிந்ததை ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டு, தொட்டது கோணலாகப் போனதைப் பற்றித்தான் காபி ஆறிப்போகும் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் தொட்டவள் பூங்கோதை. வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பாஸ்போர்ட் போட்டோ என்று பலகை மாட்டிக் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் இளவழகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற யார்டில் வெல்டர். மகள் மகிழினி வயிற்றில் இருக்கும்போது போனவன், காதுகுத்துக்கு ஒருமுறை வந்து, குழந்தை தன் முகத்துக்குப் பழகுவதற்குள் லீவு முடிந்து திரும்பிப் போனவன். அதன் பிறகு அந்தப் பிள்ளை நடக்கப் பழகி, பேசப் பழகி, முன்பல் விழுந்து, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டது. அவனும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு பொங்கலுக்கும் வராமல் இருந்தான். அவன் ஒருவன் மட்டும் அல்ல. ஒருவர் பின்னால் ஒருவராக அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் அதே யார்டுக்குத்தான் போயிருந்தார்கள், ஒரே விடுதியில்தான் தங்கியிருந்தார்கள், சாயங்காலம் ஏழு மணியானால் ரைஸ்மில் தெருவின் எல்லா வீடுகளிலும் ஒரே விடுதியின் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

கடைக்கென்று இளவழகன் கொடுத்தனுப்பிய லேப்டாப், விரலால் தொட்டாலே வேலை செய்கிற ரகம். ஒரு நாள் போட்டோ எடுக்கிற விளக்கின் ஸ்டாண்டு சரிந்து அதன்மேல் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, படம் மட்டும் போய்விட்டது. திரை முழுக்கத் தார் பூசியதுபோல் கறுப்பு. கடையை மூட முடியாதே என்று பூங்கோதை உள்ளறையிலிருந்த டிவியைத் தூக்கிவந்து மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்து வயரைச் செருகினாள். டிவியில் படம் வந்துவிட்டது. கறுத்துப்போன கண்ணாடிக்கும் உயிர் இருந்தது, அதைத் தொட்டால் டிவியில் அம்பு ஓடியது; ஆனால் தொட்ட இடத்துக்கு நேராக ஓடாமல் ஒரு சாண் தள்ளி இடது பக்கம் போய் நின்றது. மூடுகிற பொத்தானைத் தொட்டால் பெரிதாக்குகிற பொத்தான் அழுந்தும், ஒருவர் போட்டோவைத் தொட்டால் அடுத்தவர் போட்டோ பிரிண்ட் ஆகும். இரண்டு நாளில் அவளுக்கு அது பழகிவிட்டது, ஒரு காது கேட்காத மனிதரோடு பேசப் பழகுவது மாதிரி.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் இளவழகன் அழைத்தபோது அவன் முகம் முதன்முதலாக டிவி நிறைய வந்தது. கைபேசியில் உள்ளங்கை அளவுக்கே பார்த்துப் பழகிய முகம். காதுக்குக் கீழே ஒரு தீப்பொறி சுட்ட தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, தனக்குத் தெரியாமல் அவன் உடம்பில் ஒன்று வந்து ஆறியும் போயிருக்கிறது என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவன் யார்டில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் உம் கொட்டிக்கொண்டே, டிவியைப் பார்த்தபடி, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவன் கன்னம் இருக்க வேண்டிய இடத்தை மனசுக்குள் கணக்குப் போட்டு, ஆள்காட்டி விரலை மெதுவாக வைத்தாள்.

அங்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சவரிநாதன் என்பவர் எழுந்து உட்கார்ந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

சவரிநாதன் சாயல்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா போய்ச்சேர்ந்துவிட்டார்கள், அந்த அறையில் யாரிடமிருந்தும் அழைப்பு வராத ஒரே ஆள். முதல் நாள் கொசு என்று நினைத்தார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே கன்னத்தில் அதே குளிர்ச்சி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். அதற்கடுத்த நாட்களில் ஏழு மணிக்கு, அங்கே அது ஒன்பதரை, முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து படுக்க ஆரம்பித்தார். என்ன அண்ணே, தூங்குவதற்கு யாராவது சட்டை மாற்றுவார்களா என்று இளவழகன் கேட்டான். அவர் உள்ளதைச் சொன்னார்.

“ஒரு விரல் வந்து தொடுது தம்பி. பொம்பளை விரல். நுனியில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு, கோடு மாதிரி உரசுது.”

இளவழகனுக்கு அந்தத் தழும்பு தெரியும். கல்யாணமான புதிதில் போட்டோ வெட்டுகிற கட்டரில் மாட்டிய விரல் அது. அவன்தான் ரத்தம் நிற்கும் வரைக்கும் அதை வாயில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மறுநாள் அவள் அழைத்ததும், நான் பேசும்போது நீ அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே முகத்தைத் தொடுகிறேன் என்றாள். எந்த விரலால் என்றான். அவள் அந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ தொடுவது எனக்கு வரவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறது என்று சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சவரிநாதன் எழுந்து தன் கட்டிலைக் காலி செய்து கொடுத்தார். இளவழகன் அதில் போய் உட்கார்ந்தான். இப்போது டிவியில் அவன் இல்லை. காலியான கட்டிலும், வெல்டிங் உடுப்பு தொங்குகிற ஆணியும், அழுக்குச் சுவரும்தான் இருந்தன. பூங்கோதை அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியில் விரலை வைத்தாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள். படத்துக்கு வெளியிலிருந்து அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் மேலே என்றான். கொஞ்சம் மேலே வைத்தாள். அது என் நெற்றி என்றான்.

அப்படித்தான் அது தொடங்கியது. தொட்டால் போகும், ஆனால் ஒரு சாண் தள்ளிப் போகும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் தன் கட்டிலில் உட்கார வேண்டும், தொட வேண்டுமென்றால் படத்தைவிட்டு வெளியே போக வேண்டும். பார்த்தால் தொட முடியாது, தொட்டால் பார்க்க முடியாது.

விஷயம் தெருவுக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த தெய்வானைதான் முதலில் வந்தாள். அவள் மகன் மணிமாறன் அதே விடுதியில் இருந்தான். அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு, அது வழியாமல் மறுகையால் ஏந்திக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அவள் கையை வைத்துத் தேய்த்ததும், அங்கே காலிக் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்த மணிமாறனின் உச்சந்தலையில் எண்ணெய் வாசம் வந்துவிட்டது என்று அறை முழுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பெண்கள் சமையலை முடித்து, கை கழுவி, வரிசையாக வந்து கடை வாசல் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். அவரவர் கைபேசியில் தொட்டுப் பார்த்தார்கள், அது வெறும் கண்ணாடியாகத்தான் இருந்தது. அந்தக் கறுத்துப்போன லேப்டாப்புக்கு மட்டும்தான் அந்தக் குணம் இருந்தது. இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இவ்வளவு ஆசையோடு தொட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் போய்ச் சேரத்தான் செய்யும் என்பதுபோல் இருந்தார்கள். அவர்களுடைய குறையெல்லாம் அது நேராகப் போய்ச் சேரவில்லையே என்பதுதான்.

ஏனென்றால் அந்த ஒரு சாண் கோணலால் தெருவில் தினமும் ஒரு வழக்கு நடந்தது. ஒருத்தி, பணம் அனுப்பாமல் ஏமாற்றிய புருஷனை ஓங்கி ஒரு அறை விட்டாள். அது அவனுக்கு அந்தப் பக்கமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரருக்குப் போய் விழுந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உடனே தன் மனைவிக்குப் போன் செய்து, யாரும் கேட்காமலே எதற்கோ மன்னிப்புக் கேட்டாராம். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியில் குனிந்து முத்தமிட, அது அறைத்தலைவராக இருந்த பெரியவரின் வழுக்கையில் இறங்கியது. அவர் மறுநாளிலிருந்து ஏழு மணிக்குத் தொப்பி போட்டுக்கொண்டார். அதனால் கோபமாக இருக்கிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், முத்தம் கையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தே பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் ஆண்களும் சவரிநாதனின் கட்டிலுக்கு முன்னால் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, தலை எங்கே இருக்க வேண்டும், தோள் எங்கே இருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூங்கோதைக்குப் போதவில்லை. காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு தொட்டுத் தொட்டு, சில நேரம் தான் தொடுவது அவனைத்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. தொடும்போது அவன் முகம் என்ன ஆகிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினாள். இதைச் சரி செய்ய முடியுமா என்று பட்டுக்கோட்டையிலிருந்து லேப்டாப் பழுதுபார்க்கிற குணாளனை வரச் சொன்னாள்.

குணாளன் பொறுமைசாலி. கண்ணாடியையே மாற்றிவிடலாம் என்றான். வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றதில் அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. டிவி ஒரு அளவு, லேப்டாப் ஒரு அளவு, இரண்டும் ஒன்றையொன்று தெரியாமல் இருக்கின்றன, அதனால்தான் இந்தக் கோணல் என்று விளக்கினான். வயரை மாற்றினான். கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தான். எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தான். அன்றைக்குப் பூங்கோதை வைத்த உள்ளங்கை இளவழகனின் குதிகாலில் கட்டைவிரல் அளவுக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தான். அது சமையலறைக்குப் போய், சோறு வடித்துக்கொண்டிருந்த ஒருவரின் முதுகைத் தடவிக்கொடுத்தது, அவர் கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் எங்கே போய் விழுந்தது என்று அங்கிருந்து கத்திச் சொல்ல, இங்கே அவன் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், எந்தக் கண்ணாடியைத் தொட்டால் எந்தத் திரையில் விழ வேண்டும் என்பதை அந்தப் பெட்டிக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம், அதற்குக் காலிப்ரேஷன் என்று பெயர் என்றான். டிவியில் மூலைக்கு மூலை ஒரு கூட்டல் குறி தோன்றும், அது தோன்றுகிற இடத்துக்கு நேராகக் கறுப்புக் கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“செஞ்சா நேராப் போயிடும்க்கா. ஆனா மொத்தமா நின்னும் போயிடலாம். நான் பொறுப்பில்ல.”

தெரு இரண்டாகப் பிரிந்தது. கோணலாகவாவது வருகிறதே, அதையும் கெடுக்க வேண்டாம் என்றார்கள் பாதிப்பேர். மீதிப்பேர் பூங்கோதையைப் போல முகத்தைப் பார்க்க ஏங்கியவர்கள். இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகு, கடையும் லேப்டாப்பும் பூங்கோதையுடையது, முதலில் தொட்டவளும் அவள், அவள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் செய்துவிடலாம் என்றாள்.

அன்று சாயங்காலம் அழைப்பு வந்தபோது டிவியில் இளவழகனுக்குப் பதிலாகச் சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். முதன்முதலாக அப்போதுதான் அவர் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் முழங்கால்மேல் இரண்டு கைகள்.

“தப்பா நினைக்காதம்மா. எனக்கு வந்ததில்லைன்னு தெரியும். வழி தவறி வந்தாலும் வந்துச்சில்ல. அதைச் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் உக்காந்தேன்.”

அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெய்வானை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு வந்து உட்கார்ந்த இளவழகன் தலையைக் குனிந்தே வைத்திருந்தான்; கட்டிலை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அந்த அண்ணன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை என்று பின்னால் ஒரு நாள் அவளிடம் சொன்னான்.

குணாளன் பொத்தானை அழுத்தினான். டிவி வெள்ளையாகி, இடது மேல் மூலையில் ஒரு கூட்டல் குறி வந்தது. பூங்கோதை அதைப் பார்த்துக்கொண்டே கறுப்புக் கண்ணாடியின் மூலையில் விரலை வைத்து, அழுத்தி, எடுத்தாள். அது மறைந்து அடுத்த மூலையில் வந்தது. கோலம் போடும்போது புள்ளியை எண்ணுகிற கவனத்தோடு அவள் ஒவ்வொரு குறியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிக் குறி மறைந்து மறுபடி விடுதி அறை வந்தபோது இளவழகன் தன் கட்டிலில், தன் இடத்தில், படத்துக்கு நடுவில் இருந்தான். அவள் அந்தத் தழும்புக்கு நேராக விரலை வைத்தாள். அவன் கண்கள் மெதுவாக மூடின. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தூக்கத்தில் குழந்தை சிரிப்பதுபோல் ஒன்று அந்த முகத்தில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகு ரைஸ்மில் தெருவில் சில மாதங்கள் திருவிழாபோல் இருந்தது. தொட்ட இடத்தில் விழுந்தது, பார்த்த இடத்தைத் தொட்டார்கள். மகனுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை, புருஷனுக்கு முதுகுவலி என்றால் முதுகில் கை. ஆண்கள் முகத்தில் சதை பிடித்தது, நன்றாகத் தூங்கினார்கள், சாராயம் குறைந்தது, யார்டில் விபத்துகூடக் குறைந்துவிட்டது என்று பேச்சு. யாருக்காவது லீவு வந்தால் அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த அடுத்தவரும் எனக்கு இப்போது அவசரமில்லை என்றார். அந்த வருஷப் பொங்கலுக்கு அந்தத் தெருவுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

பூங்கோதை கவனித்தது, இளவழகன் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்ன அன்றைக்குத்தான். அவன் அதை ஒரு நல்ல செய்திபோல் சொன்னான். முன்னமாதிரி இல்லை, இப்போது நீ தினமும் பக்கத்திலேயே இருக்கிறாய், வீட்டு மாடியையும் கட்டி முடித்துவிடலாம் என்றான். அவள் அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு நான் பக்கத்துல இருக்கேன். எனக்கு நீங்க எங்க இருக்கீங்க?”

அவனுக்குப் புரியவில்லை.

“எனக்கு இது கண்ணாடிங்க. அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் வெறும் கண்ணாடிதான்.”

அவன் எழுந்துவிட்டான். திரும்ப உட்கார்ந்தான். அவளுக்கும் தெரிகிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான். தன் தாடி அவள் உள்ளங்கையில் குத்தும் என்று சாயங்காலம் தோறும் சவரம்கூடச் செய்திருந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்க நல்லா தூங்கினீங்க.”

மறுநாள் அவள் பெஞ்சில் இருந்த பெண்களிடம் அதைக் கேட்டாள். உங்களுக்குக் கையில் ஏதாவது தெரிகிறதா என்றாள். பெண்கள் குனிந்து அவரவர் உள்ளங்கையைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் புதுப்பெண், எனக்குக் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, என் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன் என்றாள். அதைக் கேட்டதும் அடுத்தவளும், அவளுக்கு அடுத்தவளும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் மற்ற எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை, ஆசை போதாததால் இருக்கும், பாசம் போதாததால் இருக்கும் என்று நினைத்து, வெளியே சொன்னால் கேவலம் என்று சிரித்துக்கொண்டே எழுந்து போயிருக்கிறார்கள். கோணலைச் சரி செய்ய ஆள் தேடினோம், நமக்கு ஒன்றும் வரவில்லை என்பதை ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லவில்லையே என்று தெய்வானை தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள்தான் அந்த வார்த்தையையும் கண்டுபிடித்தாள்.

“கடையடைப்பு பண்றாங்கல்ல, நாம கையடைப்பு பண்ணுவோம். ஆள் நேர்ல வந்தாத்தான் இனிமே கை.”

அப்படியே நடந்தது. ஏழு மணிக்குப் பெண்கள் வந்தார்கள், பேசினார்கள், பிள்ளைகளைக் காட்டினார்கள், ஆனால் ஒருத்தியும் கண்ணாடியைத் தொடவில்லை. சவரிநாதனுக்கு மட்டும் கையடைப்பு கிடையாது என்று தெய்வானை சொல்லிவிட்டாள். வரச்சொல்லிக் கூப்பிட இங்கே ஆள் இல்லாதவரை எதற்குத் தண்டிக்க வேண்டும் என்றாள். மணிமாறனிடம் அந்த அண்ணனைக் கூட்டிவந்து உட்காரவை என்று சொல்லி, அவர் வந்து முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், அவர் தலையில் நேராக உள்ளங்கையை வைத்து, ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிற நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தாள். அது தினமும் நடந்தது. அவர் வேலை பர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் நடந்து, அந்த வாரமே கண்ணாடி வெறும் கண்ணாடியாகிப் போனது. திரும்பி வந்தவர் ஒருமுறை பேராவூரணிக்கு வந்து தெய்வானையைப் பார்த்தார். அவள் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே இருந்தாள், அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆண்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் கெஞ்சினார்கள், ஒருவர் மாமனாரிடம் பஞ்சாயத்துக்குப் போனார். மணிமாறன் வரவே இல்லை, இன்றுவரைக்கும். இளவழகன் மூன்று நாள் வீடியோவைப் போடாமல் குரலில் மட்டும் பேசினான். நான்காவது நாள் போட்டான். தன் உள்ளங்கையைக் கைபேசிக் கண்ணாடியில் வைத்தான். டிவி நிறைய அந்தக் கை வந்தது, ரேகை தெரியாத அளவுக்குக் காய்த்துப்போய், பொறி பட்ட புள்ளிகளோடு. அவள் எழுந்து போய் டிவியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. நம்பிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கை எடுத்த பிறகும் அது அதே சூடாகத்தான் இருந்தது, டிவியின் சூடு.

வருகிறதா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். அவன் குணாளனுக்குப் போன் போட்டு, இங்கிருந்து அங்கே போக ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டான். குணாளன் சொன்னதையெல்லாம் அவனே அங்கே செய்து பார்த்தான், வயரை மாற்றினான், அடுத்தவர் கைபேசியில் பார்த்தான், கூட்டல் குறிகளைத் தொட்டான். பத்து நாள் அப்படி மெனக்கெட்டான். ஒவ்வொரு நாளும் அவள் கன்னத்தை வைத்துவிட்டு இல்லை என்று சொன்னாள். அவள் அந்த இல்லையைச் சொல்லச் சொல்ல, அவள் இத்தனை மாதம் எப்படி இருந்தாள் என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவது சுலபமாக இல்லை. ஆனால் வாங்கிவிட்டான்.

ஐப்பசி மழையில் திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்துக்கொண்டு பூங்கோதையும் மகிழினியும் போனார்கள். அவன் வெளியே வந்தபோது அவள் நினைத்து வைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. சுற்றிலும் கூட்டம்; அவன் தள்ளுவண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இளைத்துவிட்டாய் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வேனில் இருவருக்கும் நடுவில் மகிழினி உட்கார்ந்துகொண்டாள். டிவியில் பார்த்த அப்பாவைவிட இந்த அப்பா சின்னதாக இருக்கிறார் என்று அம்மா காதில் சொன்னாள். புதுக்கோட்டையில் டீக்கு நிறுத்தியபோது ஜன்னல் வேண்டும் என்று இடம் மாறினாள். அதனால் இளவழகன் பூங்கோதைக்குப் பக்கத்தில் வந்தான். ஏதோ சொல்ல ஆரம்பித்தவன், இரண்டு நாளாகத் தூங்காதவன், பாதியில் அப்படியே கண்ணசந்து அவள் தோளில் சாய்ந்துவிட்டான்.

கனமாக இருந்தான். தாடி அவள் கழுத்தில் குத்தியது. மூச்சு முழங்கை மடிப்பு வரைக்கும் சுட்டது. அறந்தாங்கி வருவதற்குள் அவள் இடது கை மரத்துப்போய், பிறகு அதில் ஆயிரம் ஊசி ஏறுவதுபோல் குத்த ஆரம்பித்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜன்னலோரத்திலிருந்த மகிழினி எட்டிப் பார்த்தாள்.

“வலிக்குதாம்மா?”

“வலிக்குதுடி,” என்றாள் பூங்கோதை.

அப்பாவை எழுப்பட்டுமா என்று பிள்ளை கேட்டது. பூங்கோதை வேண்டாம் என்று கண்ணால் மட்டும் சொன்னாள், தோளை அசைக்கவில்லை.